பராமரிப்பு வேலைக்காக மூடிய ஓடுபாதையில் விமானம் தவறி நுழைந்துவிடாதா?

நுழைந்திருக்கிறது. 2000 அக்டோபர் 31 இரவு, தைபேயில் புயல் மழைக்கு நடுவே ஒரு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், '05 இடது' என்ற ஓடுபாதைக்குப் பதிலாக, அதற்கு இணையாக இருந்த, பணிக்காக மூடியிருந்த '05 வலது' என்ற பாதையில் வேகமெடுத்துக் கட்டுமான இயந்திரங்களில் மோதியது. 83 பேர் இறந்தனர்.

இத்தனைக்கும் மூடல் பற்றி விமானிகளுக்கான 'நோட்டாம்' என்ற எழுத்து அறிவிப்பு முன்பே வெளியாகியிருந்தது. காகிதத்தை மட்டும் நம்பக்கூடாது என்பேன். தடை கண்ணில் பட வேண்டும். அதற்குத்தான் மூடிய பாதையின் முனைகளில் பெரிய எக்ஸ் குறி இடுகிறார்கள். இரவில் ஒளிரும் எக்ஸ் வைப்பதும் உண்டு. பாதை விளக்குகளை அணைத்துவிடுவார்கள்.

பணி வாகனங்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துடன் வானொலித் தொடர்பில் இருக்கும். திறப்பதற்கு முன் பாதை முழுவதையும் சோதிப்பார்கள். மறந்துவிட்ட ஒரு போல்ட்கூட இன்ஜினுக்குள் போய் அதைச் சிதைத்துவிடலாம்.