பியானோவுக்குள்ள குனிஞ்சு கேளுங்க: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, மக்ரோகாஸ்மோஸ்னு ஒரு பியானோ மியூசிக் போன்ல கேட்டேன். கம்பியப் பிடிச்சு இழுக்குறாங்க, விசில் அடிக்கிறாங்க, நடுவுல கத்துறாங்க. அண்டத்தப் பத்தின இசைன்னு போட்டிருந்துச்சு, ஒண்ணும் பிடிபடல. இத எப்படிக் கேக்குறது?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, போன் ஸ்பீக்கர்ல கேட்டா இதுல பாதி காதுக்கே வராது, மொதல்ல நல்ல ஹெட்போன் ஒண்ணு மாட்டு. எழுதினவர் ஜார்ஜ் கிரம், அமெரிக்காக்காரர், 1929ல பொறந்து 2022ல இறந்தார். மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம், ஆத்துப் பள்ளத்தாக்குல வளந்தவரு, அங்க ஒரு சத்தம் போட்டா மலையில மோதி மோதித் திரும்பி வரும், அந்தக் காதோட தான் கடைசி வரைக்கும் எழுதினாருன்னு நெனைக்கிறேன். மக்ரோகாஸ்மோஸ் மொத்தம் நாலு தொகுதி, 1972ல ஒண்ணு, 73ல ஒண்ணு, அப்புறம் 74லயும் 79லயும். பியானோ தந்திக்கு மேல மைக் வைக்கணும்னு அவரே சொல்லிட்டாரு. தந்தியில விரல் லேசா உரசுறது, ஒரு சத்தம் அடங்கி அடங்கி இல்லாமப் போறது, அதெல்லாம் கேக்கணும்ல, அதுக்குத் தான் மைக்.

எனக்கு இது புரிஞ்சது எப்படின்னு சொல்றேன். எங்க ஊர்ப் பக்கத்துக் கோயில்ல பாட்டுக்குழுவுக்குன்னு வாங்கின பழைய பியானோ ஒண்ணு கெடக்கு, உப்புக்காத்து பட்டுத் தந்தியெல்லாம் செம்பழுப்பாயிருச்சு. ஒரு சாயங்காலம் முன்பலகையக் கழட்டிட்டு, வலது பெடல மிதிச்சுக்கிட்டு உள்ள குனிஞ்சு 'ஓ'ன்னு ஒரு குரல் குடுத்தேன். நான் நிறுத்திட்டேன், ஆனா உள்ள இருந்து என் சுதியிலயே 'ஓ'ன்னு வருது தம்பி, நாலஞ்சு செகண்டு! பெடல மிதிச்சா தந்திய அமுக்கிப் பிடிச்சிருக்க கட்டையெல்லாம் தந்திய விட்டு விலகிக்கும், அப்ப நம்ம குரலுக்கு ஒத்துப்போற தந்தி தன்னால அதிரும், அவ்வளவு தான் விஷயம். இவரோட இசையில வாசிக்கிறவர் பாடுறதும் விசில் அடிக்கிறதும் இப்படித் தந்தியோட கலந்து தான் கேக்கும். அதனால சத்தத்த விட்டுட்டு சத்தம் போன பின்னாடி என்ன மிச்சம் இருக்குன்னு கேளு. ராத்திரி மொட்டமாடியில, லைட்ட அணைச்சுட்டு.

கேள்வி: ராசிக்கு ஒரு பாட்டுன்னு போட்டிருக்காராமே, ஜோசியம் நம்புறவரா?
- வாசகி, தேவிபட்டினம்

பதில்: அக்கா, கடலுக்குள்ள நவபாஷாணம், அதான் நவக்கிரகக் கல்லு, நிக்கிற ஊர்ல இருந்து இந்தக் கேள்வி வந்ததே சந்தோஷம். முதல் ரெண்டு தொகுதியிலயும் பன்னெண்டு பன்னெண்டு துண்டு, ராசிக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் அந்த ராசிக்காரங்க ஒருத்தரோட இனிஷியல் இருக்கும். பலன் சொல்ற ஜோசியமா எனக்குப் படல, தெரிஞ்ச மனுஷங்கள வானத்துல கொண்டுபோய் வச்சிருக்காரு, அம்புட்டுத் தான். அவர் பொறந்தது அக்டோபர் 24, மேல்நாட்டுக் கணக்குல விருச்சிகம், நம்ம கணக்குக்கு அது ஐப்பசி, சூரியன் துலாத்துல நிக்கும். முதல் தொகுதியில தன் ராசித் துண்டுக்கு அவர் வச்ச பேரு மாயப் படகோட்டி. அதுல தைக்கிறவங்க விரல்ல மாட்டுற உலோகக் குப்பிய மாட்டிக்கிட்டுத் தந்தியில உரசணும். அதே தொகுதியில நாலாவது, எட்டாவது, பன்னெண்டாவது துண்டுகளோட இசைக்குறிப்பு நோட்டப் பாருங்க, வரி நேரா ஓடாது. ஒண்ணு சிலுவை, ஒண்ணு வட்டம், ஒண்ணு சுருள் கேலக்ஸி, கோடு போட்டுக் கையால எழுதினது, கோலம் மாதிரி அவ்வளவு அழகு.

கேள்வி: கடல் பத்தி எதாச்சும் செஞ்சிருக்காரா?
- வாசகர், மண்டபம்

பதில்: செஞ்சிருக்காரு. திமிங்கலம் பாடுற ரெக்கார்டிங் ஒண்ணக் கேட்டுட்டு 1971ல எழுதினது, புல்லாங்குழல், பெரிய வயலின் மாதிரி இருக்குற செல்லோ, பியானோ, மூணுக்கும் மைக் உண்டு. மூணு பேரும் கறுப்பு முகமூடி போட்டுத் தான் வாசிக்கணும், மனுஷ மொகம் தெரியக்கூடாது, இயற்கை மட்டும் தெரியணும்னு அவருக்கு ஆசை. குழல் வாசிக்கிறவர் ஊதிக்கிட்டே பாடுவாரு. ஒரு எடத்துல செல்லோ தந்திய லேசாத் தொட்டு வழுக்கிட்டே வருவாங்க, காலையில வல்லம் கரையேறி வலையில மீன் கழிக்கிறப்ப தலைக்கு மேல கடல்காக்கா கத்துமே, அதே தான்.