ஆரம்னா நகைக்கடை ஆரமா டீச்சர்?

கேள்வி: என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. ஆரம், விட்டம், நாண், வில், பரிதினு நோட்டுல எழுதி எழுதி மனப்பாடம் பண்றா, அடுத்த வாரம் கேட்டா நாணையும் விட்டத்தையும் மாத்தி சொல்றா. ஆரம்னா நகைக்கடைல விக்கிற ஆரமானு என்கிட்டயே கேக்குறா, எனக்கும் பதில் தெரியல டீச்சர்.
– ஒரு அம்மா, தென்காசி

பதில்: அந்த கேள்விய அவ கேட்டதே எனக்கு ரொம்ப சந்தோஷம்மா, ஏன்னா நம்ம கணக்கு வார்த்தைங்க எல்லாமே கண்ணால பாத்த பொருள்தான், அத நோட்டுக்குள்ள பூட்டி வெச்சுதான் பிள்ளைங்கள பயமுறுத்துறோம். கழுத்துல போடுற ஆரம் வேற. மாட்டு வண்டி சக்கரத்துல நடுவுல இருக்குற குடத்துல இருந்து வெளிய வட்டை வரைக்கும் போற கட்டைக்கு ஆரக்கால்னு பேரு இல்லையா, கணக்குல வர்ற ஆரம் அந்த சொந்தம். மையத்துல இருந்து விளிம்புக்கு எந்த பக்கம் போனாலும் ஒரே நீளம், அதுல ஒண்ணு கூடக் குறைய இருந்தா வண்டி குதிச்சு குதிச்சுதான் போகும்.

வில்லும் நாணும் அம்பு விடுற வில்லும் அதுல கட்டுற கயிறும்தான். வளைஞ்சது வில், ரெண்டு முனையையும் நேரா இழுத்து கட்டுனது நாண். இடுப்புல கட்டுற அரைஞாண் கயிறுல வர்றதும் அதே வார்த்தைதான், இத சொன்னா அவ ஆயுசுக்கும் மறக்க மாட்டா.

இப்ப அவ வளையல் ஒண்ண பேப்பர்ல வெச்சு சுத்தி வரையச் சொல்லுங்க. அது மேல ஸ்கேல ஓரத்துல வெச்சு மெதுவா உள்ள நகத்துங்க, வட்டத்துக்குள்ள மாட்டுற கோடு முதல்ல ரெண்டு செ.மீ, அப்புறம் நாலு, அஞ்சுனு வளந்துகிட்டே போயி ஒரு இடத்துல நின்னு திரும்ப குறைய ஆரம்பிக்கும். எல்லாமே நாண்தான், அந்த நின்ன இடத்துல இருக்குற பெரிய நாண் மட்டும் விட்டம், அது மையம் வழியா போகும். வீட்டு கூரைக்கு கீழ இந்த சுவர்ல இருந்து அந்த சுவருக்கு குறுக்க போற கட்டையையும் விட்டம்னுதானே சொல்றோம். விட்டம்ங்கறது ஒரு நாண்தான், ஆனா எல்லா நாணும் விட்டம் இல்ல, அவ குழம்புறது இங்கதான்.

பரிதி வட்டத்தோட சுத்தளவு. நூல வளையல சுத்தி அளந்து விட்டத்தால வகுத்தா 3-க்கு கொஞ்சம் மேல வரும், நாம கணக்குக்கு 22/7னு வெச்சுக்கறோம். பரிதில பாதிய விட்டத்துல பாதியால பெருக்குனா வட்டத்தோட பரப்பு கிடைக்கும், பழைய தமிழ் கணக்குலயே இருக்குற வழி இது, வேணும்னா போட்டுப் பாருங்க, நம்ம பை ஆர் ஸ்கொயர் அப்படியே வரும்.

கேள்வி: வட்டக்கோணப்பகுதி, வட்டத்துண்டு ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?
– பத்தாம் வகுப்பு மாணவர், திருப்பத்தூர்

பதில்: அடைய தோசைக்கல்லுலயே நடுவுல குறுக்கும் நெடுக்கும் நாலா வெட்டுறாங்கல்ல, அதுல ஒரு துண்டு வட்டக்கோணப்பகுதி, ரெண்டு ஆரமும் ஒரு வில்லும் அதுக்கு எல்லை. நடுவுக்கு போகாம ஓரத்துல மட்டும் நேரா ஒரு வெட்டு வெட்டி எடுத்தா அது வட்டத்துண்டு, ஒரு நாணும் ஒரு வில்லும்தான் எல்லை. சோமாஸ் மாதிரி சரி பாதியா இருந்தா ரெண்டு பெயரும் அதுக்கு பொருந்தும்ப்பா.

கேள்வி: கோளத்தோட புறப்பரப்பு ஏன் நாலு வட்டம்? அரைக்கோளத்துக்கு ஒரு தடவ 2னு வருது, ஒரு தடவ 3னு வருது, எத எங்க போடுறது?
– டியூஷன் எடுக்கும் வாசகி, மதுரை

பதில்: ஒரு ஆரஞ்சு பழம் வாங்குங்க, நல்லா உருண்டையா பாத்து. சரியா பாதியா வெட்டி, வெட்டுன முகத்த பேப்பர்ல வெச்சு நாலு வட்டம் வரைஞ்சுக்கோங்க. அப்புறம் ரெண்டு பாதி தோலையும் சின்ன சின்னதா கிள்ளி இடைவெளி இல்லாம வட்டத்துக்குள்ள அடுக்குங்க, ஒண்ணு ரொம்பும், ரெண்டு, மூணு, நாலாவது ரொம்புறப்ப தோலும் தீந்துடும். பழம் முழு கோளம் இல்ல, அதனால கொஞ்சம் கூட குறைய வரும், ஆனா கடைசி துண்டு நாலாவது வட்டத்துல போய் உக்காரும்போது பிள்ளைங்க முகத்த பாக்கணும்மா.

அப்ப பாதி பழத்தோட தோலுக்கு ரெண்டு வட்டம், அது வளைபரப்பு. அந்த பாதிய வெட்டுன முகத்தோட சேத்து பாத்தா இன்னொரு வட்டம் கூடும், அதான் திண்ம அரைக்கோளத்தோட மொத்த பரப்புக்கு 3. கொட்டாங்குச்சி மாதிரி உள்ளீடற்றதா இருந்தா வெளிய ஒரு வளைபரப்பு, உள்ள ஒண்ணு, மேல விளிம்புல ஒரு வளையம். கேள்வில பெயிண்ட் எங்க அடிக்கிறாங்கனு கேட்டா போதும், எத போடுறதுனு பிள்ளைங்களே சொல்லிடும்.

கோளத்தோட கன அளவுல (4/3 பை ஆர் கியூப்) வர்ற 4/3, பழைய கிரேக்க கணக்கு மேதை ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடிச்சது. கோளம் கச்சிதமா உக்கார்ற உருளைய எடுத்துக்கிட்டா அதுல சரியா மூணுல ரெண்டு பங்குதான் கோளம். உருளையோட உயரம் ரெண்டு ஆரம், அதனால அதோட கன அளவு 2 பை ஆர் கியூப், அதுல 2/3 எடுத்தா 4/3 வந்துடுது. இத அவர் எவ்வளவு பெருசா நெனச்சார்னா தன் கல்லறைலயே கோளமும் உருளையும் செதுக்க சொன்னாராம், அவர் செத்து 130 வருஷத்துக்கு மேல ஆன பிறகு ரோம்காரர் சிசரோ சிசிலில முள்ளுச்செடிக்கு நடுவுல அந்த உருவத்த பாத்துதான் கல்லறைய அடையாளம் கண்டார்.

கேள்வி: யாழ்ப்பாணத்துல இருந்து வந்த சொந்தக்கார பையன் ரேடியஸ 'ஆரை'னு சொல்றான், தப்பா?
– வாசகர், திருச்சி

பதில்: தப்பே இல்ல, இலங்கை பாடப்புத்தகத்துல அதுதான் வார்த்தை. நம்ம வட்டக்கோணப்பகுதிய அங்க ஆரைச்சிறைம்பாங்க, தொடுகோட்ட தொடலிம்பாங்க. ஆரைச்சிறை எனக்கு ரொம்ப பிடிச்ச சொல்லு, ரெண்டு ஆரைக்கு நடுவுல விரிஞ்ச சிறகு மாதிரி கண்ணுல நிக்குது, நம்ம வார்த்தைய விட சின்னதாவும் இருக்கு. பரீட்சைல மட்டும் அவங்கவங்க புத்தகத்துல இருக்குறத எழுதட்டும்.