ஜங்கிள் கார்ன் பாம்புக்கு லைசென்ஸ் தேவையா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். அமெரிக்கப் பாம்புகளான கார்ன் ஸ்நேக்கும் கிங்ஸ்நேக்கும் சேர்ந்த "ஜங்கிள் கார்ன்" குட்டி ஒன்று விலைக்கு வருகிறது. கலப்பினத்துக்குச் சட்டமே கிடையாது என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: இந்தச் "சட்டமே கிடையாது" வசனத்தைக் கேட்டாலே எரிச்சல்தான். குட்டியின் பெயர் பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இருக்காது, சரி. அதன் அப்பா அம்மா பெயர் இருக்கிறதா என்று பார்த்தாரா? (பாம்பு வளர்ப்பதே பாவம் என்பவர்கள் மன்னிக்க, கேள்வி அதுவல்ல.)

சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கணக்குப்படி, முந்தைய நான்கு தலைமுறைக்குள் பட்டியல் இனம் ஒன்று கலந்திருந்தாலும் குட்டிக்கும் அதே விதி. கார்ன், கலிபோர்னியா கிங் இரண்டும் பட்டியலில் இல்லை. அதனால் பரிவேஷ் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம்) பதிவு உங்களுக்கு வராது. இதுவே பால் பைத்தானும் (Ball python) கார்பெட் பைத்தானும் சேர்ந்த குட்டி என்றால் இரண்டு பக்கமும் சைட்டிஸின் இணைப்பு 2 பட்டியல். கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் 2.0 தளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிய வேண்டும், 2024 விதி அது. பதிவு வேறு, லைசென்ஸ் வேறு. லைசென்ஸ், இணைப்பு 1 (சைட்டிஸின் மிகக் கடுமையான பட்டியல்) இனங்களைக் குட்டி எடுப்பவர்களுக்கு. நம்மூர் மலைப்பாம்புக் கலப்பு என்று யாராவது கொடுத்தால் தொடவே தொடாதீர்கள்: மலைப்பாம்பு நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் ஷெட்யூல் 1, குறைந்தது 3 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம்.

பதிவு வேண்டாம் என்றால் பில்லும் வேண்டாம் என்று ஆகாது. பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் வந்த பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறை பிடிப்பது அடிக்கடி செய்தியாகிறது. தாய், தகப்பன் இரண்டின் அறிவியல் பெயர், முட்டை பொரிந்த தேதி, ஊர், விற்பவர் முகவரி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

அவர் சொல்வதைச் சரிபார்க்க, உரித்த சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். வால் தொடங்கும் இடத்தில் கழிவுத் துளையை மூடும் செதில் சுத்தமான கார்னில் இரண்டாகப் பிளந்திருக்கும், கிங்கில் ஒற்றை. முதுகுச் செதிலில் கார்னுக்கு மெல்லிய வரம்பு உண்டு, கிங் வழவழப்பு. "சுத்த கார்ன்" என்று விற்பதில் ஒற்றைச் செதில் தெரிந்தால் கலப்பு என்று சந்தேகிக்கலாம். பிளந்திருந்தால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. இரண்டு மூன்று தலைமுறை கார்னோடே திரும்பச் சேர்த்தால் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

வாங்கினால் தனிப் பெட்டி. கிங்ஸ்நேக் பாம்பு தின்னி. அந்தப் புத்தி குட்டிக்கும் வரலாம், கூட வைத்த கார்ன் காணாமல் போகும். சூடான பக்கம் 28–30 டிகிரி போதும். 40 தாண்டும் வேலூர் மே மாதத்தில் ஹீட் மேட்டை (பெட்டியைச் சூடாக்கும் விரிப்பை) கழற்றி விடுங்கள், பெட்டியைத் தரையில், வெயில் படாத அறையில் வையுங்கள். மொட்டை மாடி அறை என்றால் வேண்டவே வேண்டாம்.

கலப்பினம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சாரையும் நாகமும் பிணையும் என்று இன்னும் சாதிக்கிறார்களே! சாரை வேறு குடும்பம், நல்ல பாம்பு வேறு குடும்பம், குட்டியே வராது. நிமிர்ந்து நின்று பின்னிக்கொள்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், சண்டை போடுகின்றன. அதன் மேல் புது வேட்டியைப் போட்டு எடுத்துப் பூஜை அறையில் மடித்து வைக்கிறார்கள்.