எடை குறைந்த ரிவால்வர் சுடும்போது கையை ஏன் இப்படி உதைக்கிறது?

உரிமத்தோடு வாங்கிய அரைக்கிலோ ரிவால்வர், தற்காப்புக்காக இடுப்பில் வைப்பது, சுட்டால் கையை உலுக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்ம கடலூர் துறைமுகத்தில் ஃபைபர் படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு சட்டென்று பின்னால் நழுவும். பெரிய விசைப்படகு அசையாது. இதுவும் அப்படித்தான். அதே தோட்டாவைப் பாதி எடையுள்ள துப்பாக்கியில் சுட்டால், அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் பின்னால் வரும். கான்பூரில் செய்யும் .32 நிர்பீக் ரிவால்வர் வெறும் 500 கிராம்தான்.

பிடிதான் முக்கியம். உள்ளங்கையைக் கைப்பிடியின் உச்சிவரை ஏற்றிப் பிடியுங்கள். கை குழலுக்கு நெருங்க நெருங்க முனை துள்ளுவது குறையும். மற்ற கையால் அதன்மேல் இறுக்கிப் பொத்துங்கள். ஆனால் தோட்டா போடும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவே உள்ள சந்தின் பக்கம் விரல் போகவே கூடாது. அங்கே பீறிடும் சூடான வாயு சதையைக் கிழித்துவிடும். ரப்பர் கைப்பிடி மாட்டினால் உள்ளங்கைக்கு இதம்.

உதையைவிட, அதற்குப் பயந்து முன்கூட்டியே கை வெட்டுவதுதான் குறியைக் கெடுக்கும். பயிற்சிக் களத்தில் கூட இருப்பவரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் உருளையின் ஓரிரு அறைகளில் தோட்டாவுக்குப் பதில் சுட்ட காலிக்கூடு போட்டுத் தரச் சொல்லுங்கள். 'டிக்' என்ற சத்தத்தோடு முனை கீழே குனிந்தால் பயம் இன்னும் போகவில்லை. கை நடுங்கத் தொடங்கியதும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.