கோயில் அடிமனையில இருக்கிற கிராமத்து வீட்ட வாங்கலாமா?

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் எங்க அப்பா ஊர்ல ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருது. 14 லட்சம் சொல்றாங்க, 2 லட்சம் அட்வான்ஸ் பேங்க் வழியா குடுத்துட்டேன். வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் விக்கிறவர் பேர்ல இருக்கு, வில்லங்கமும் ஒண்ணும் இல்ல. கோயிலுக்கு வருஷத்துக்கு ஏதோ கொஞ்சம் கட்டணும், அது சும்மா பேருக்குத்தான்னு புரோக்கர் சொல்றார். பின்கட்டுல விக்கிறவரோட அத்தை குடியிருக்காங்க, கிரயம் ஆனதும் போயிடுவாங்களாம். கொல்லை வழியா பக்கத்து வீட்டுக்காரங்க வாய்க்காலுக்கு நடந்து போறாங்க. வாங்கலாமா சார்?

பதில்: மீதி 12 லட்சத்த இப்போதைக்கு குடுத்துடாதீங்க சார். கோயிலுக்கு வருஷா வருஷம் பணம் கட்டணும்னா அனேகமா அது அடிமனை வாடகை, அதாவது சுவரும் ஓடும்தான் அவரோடது, மண்ணு கோயிலோடது இல்லன்னா மடத்தோடது. மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் பக்கமெல்லாம் இப்படி வீடுங்க நிறைய இருக்கு. மூணு தலைமுறையா இருக்கிறவங்க அத எங்க வீடுன்னுதான் சொல்லுவாங்க, ஏமாத்தணும்னு இல்ல, அவங்க நெனப்பே அப்படித்தான். ஆனா வெறும் கட்டடத்துக்கு 14 லட்சம்ங்கிறது எனக்கு ரொம்ப ஜாஸ்தியா தெரியுது.

1959 அறநிலையத்துறை சட்டத்துல 34வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கோயில் சொத்த விக்கணும்னாலும் அடமானம் வைக்கணும்னாலும் அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விடணும்னாலும் கமிஷனர் அனுமதி வேணும், இல்லன்னா அது செல்லாது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு இருக்கிறதால அனுமதி இல்லாம சார்பதிவாளரும் பதிய மாட்டார், அதனாலதான் சில பேர் கட்டடம் மட்டும்னு பத்திரம் எழுதுறது, பவர் எழுதிக் குடுக்கிறதுன்னு சுத்தி வளைச்சு ஏதாவது பண்ணுவாங்க. அப்படி வாங்கினீங்கன்னா கோயில் உங்கள வாடகைதாரரா ஒத்துக்கணும், ஒத்துக்கலன்னா நீங்க ஆக்கிரமிப்பாளர்தான், 78வது பிரிவுல வெளியேத்த நடவடிக்கை வரும். நாப்பது அம்பது வருஷ அனுபவம்னு சொல்றது இங்க எடுபடாது, கோயில் இடத்த மீக்கிற வழக்குக்கு காலாவதியே கிடையாதுன்னு 109வது பிரிவு சொல்லுது.

பேருக்குக் கட்டுற வாடகையும் அப்படியே இருக்கும்னு நெனைக்காதீங்க. 34-ஏ பிரிவுல மார்க்கெட் வாடகைய வச்சு புதுசா நிர்ணயம் பண்ணலாம், பழைய பாக்கி இருந்தா அதையும் அடைச்சாத்தான் உங்க பேருக்கு மாத்துறதப் பத்தியே பேசுவாங்க. ஓட்ட எடுத்துட்டு மாடி கட்டணும்னாலும் கோயில் சம்மதம் வேணும், பேங்க் லோன் வாங்கறதும் கஷ்டம்.

இ.சி., அதாவது வில்லங்கச் சான்று, சரியா இருக்குன்னு சொல்றீங்க. பதிவான பத்திரம்தான் அதுல வரும். வாய்மொழி பாகப்பிரிவினை, பதியாத உயில், நடைபாதை உரிமை இதெல்லாம் அதுல தேடினாலும் கிடைக்காது. வீட்டு வரி ரசீதும் வரி கட்டினதுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பட்டா இருந்தாலும்கூட 1980கள்ல யு.டி.ஆர்.னு நில ஆவணங்கள புதுப்பிச்ச சமயத்துல தப்பா பேர் ஏறின கேஸ் நிறைய இருக்கு, அதனால அதுக்கு முந்தின பழைய பதிவேட்டுல, கிராமத்து நில விவரம் இருக்கிற அ-பதிவேட்டுல யார் பேர் இருக்குன்னு பாருங்க.

அடுத்தது அந்த அத்தை, எனக்கு கோயில விட இதுதான் பெரிய கவலை. விக்கிறவரோட தாத்தா, அதாவது அந்த அத்தையோட அப்பா, சுயமா கட்டின வீடா இருந்து, உயில் எழுதாம 1956க்கு அப்புறம் தவறியிருந்தா, மகளான அந்தம்மாவுக்கும் மகனுக்கு சமமா பங்கு உண்டு. 1989, 2005 சட்டத்தத்தான் எல்லாரும் பேசறாங்க, அது பூர்வீகக் கூட்டுக்குடும்ப சொத்துக்கு, இதுக்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டமே போதும். குடியிருக்கிற வீட்டுல பெண் வாரிசு பாகம் கேக்கறதுக்கு முன்னாடி ஒரு தடை இருந்துச்சு, அதையும் 2005ல எடுத்துட்டாங்க. எனக்கு தெரியாது, நல்ல எண்ணத்துல வாங்கினேன்னும் நீங்க சொல்ல முடியாது, ஏன்னா யார் குடியிருக்காங்களோ அவங்க உரிமை உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான்னு சொத்து மாற்றுச் சட்டம் 3வது பிரிவு சொல்லுது. போயிடுவாங்கன்னு அண்ணன் பையன் சொல்றத விடுங்க, நேர்ல போய் அந்தம்மாகிட்டயே பேசுங்க. அவங்க மனசார ஒத்துக்கிட்டா பங்க விட்டுக் குடுக்கிறதா பதிவு பண்ணின விடுதலைப் பத்திரம் வாங்கணும், இல்ல கிரயத்துல அவங்களும் கையெழுத்து போடணும். வேற வாரிசு இருக்காங்களான்னு வாரிசு சான்றிதழ வச்சு சரி பாருங்க.

கொல்லை வழி பெரிய சிக்கல் இல்ல, ஆனா 20 வருஷத்துக்கு மேல உரிமையா, தடையில்லாம நடந்திருந்தா அது வசதியுரிமை, அதாவது அடுத்தவங்க இடத்து வழியா போற சட்ட உரிமை ஆயிடும், நீங்க வேலி போட்டு அடைக்க முடியாது, அத ஏத்துக்கிட்டு வாங்கறதுன்னா வாங்குங்க.

இப்போ கோயில் செயல் அலுவலர், மடம்னா அதோட மேனேஜர், அவங்ககிட்ட சர்வே நம்பர போட்டு எழுத்துல கேளுங்க: இடம் யாரோடது, வாடகைதாரர் யாரு, பாக்கி எவ்வளவு, பேர் மாத்த ஒத்துக்குவாங்களா. வாயால சொல்றது வேண்டாம். இடம் கோயிலோடதுன்னு பதில் வந்தா, உரிமைக் குறைய விக்கிறவர் உங்ககிட்ட சொல்லியிருக்கணும், அது சொத்து மாற்றுச் சட்டம் 55வது பிரிவுல அவரோட கடமை, அத காட்டி அட்வான்ஸ திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் விடலாம். பேங்க் வழியா குடுத்தது நல்லதாப் போச்சு, அந்த ஸ்டேட்மென்ட்டயும் புரோக்கர் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜையும் அழிக்காம வச்சுக்கோங்க.