காட்சிக்கு நிற்கும் எஞ்சின் மறுபடி ஓடுமா?

அன்புள்ள ஐயா,

மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தபோது சசெக்ஸில் ப்ளூபெல் ரயிலில் ஏறினோம். நிலக்கரி போட்டு ஓட்டும் நீராவி எஞ்சின். டிரைவர், கார்டு, டிக்கெட் பார்ப்பவர் என்று பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். ஷெட்டில் இன்னொரு எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்டிருந்தார்கள். “நன்றாக ஓடிக்கொண்டிருந்ததுதான். பத்து வருடக் கெடு முடிந்ததால் கழற்றிவிட்டோம்” என்றார் அங்கிருந்த பெரியவர். ஓடுகிற எஞ்சினை எதற்குக் கழற்ற வேண்டும்?

நம் ஊர் ரயில் நிலைய வாசல்களிலும் பழைய எஞ்சின்களைப் பெயின்ட் அடித்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நானும் ஓய்வுபெற்ற ரயில்வே நண்பர்கள் சிலரும் சேர்ந்து அதில் ஒன்றை ஓட வைக்க முடியுமா? முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கு., விருதுநகர்

அன்புள்ள கு.,

தன்னார்வலர்களால் முடியுமா என்ற சந்தேகம் 1951லேயே தீர்ந்துவிட்டது. வேல்ஸில் ஸ்லேட் கல் ஏற்றுவதற்காக 1865ல் போட்ட தாலிலின் ரயில்பாதை, உரிமையாளர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் 1950ல் இறந்ததும் மூடும் நிலைக்கு வந்தது. அந்த அக்டோபரில் பர்மிங்ஹாமில் ஆர்வலர்கள் கூடிச் சங்கம் அமைத்தார்கள். அடுத்த மே 14 அன்று ரயில் விட்டார்கள். ஓடும் நிலையில் இருந்தது 1866ல் செய்த ‘டோல்கோக்’ ஒன்றுதான். பக்கத்தில் மூடிக் கிடந்த காரிஸ் பாதையின் எஞ்சின்கள் இரண்டைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள். 1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வே நீராவியைக் கைகழுவிய பிறகு, பாரி என்ற துறைமுக ஊரில் வுட்ஹாம் சகோதரர்களின் காயலான் கடையில் கடற்காற்றில் துருவேறி நின்ற எஞ்சின்களில் 213 இப்படிப்பட்ட சங்கங்களின் கைக்கு வந்தன.

ஆனால் ஒன்று. இந்தச் சங்கங்களில் எல்லா வேலையையும் தன்னார்வலர்களே செய்துவிடுவதில்லை. கழற்றுவது, சுரண்டிச் சுத்தம் செய்வது, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் குத்திப் படம் எடுத்து அடுக்குவது, லேத் வேலை, பெயின்ட், திரும்பப் பூட்டுவது ஆகியவை அவர்கள் கையில். அழுத்தம் தாங்கும் தகட்டை வெட்டி ஒட்டுவதும் ரிவிட் அடிப்பதும் சான்றிதழ் பெற்ற வெல்டர், பாய்லர் பணிமனை இவர்களின் வேலை. 2008ல் ஓடத் தொடங்கிய ‘டொர்னேடோ’ பொதுமக்களின் சந்தாவில் உருவான புத்தம்புது நீராவி எஞ்சின். அதற்கே பாய்லர் ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையிலிருந்து வந்தது.

பத்து வருடக் கெடுவும் பாய்லருக்குத்தான். சக்கரமும் பிஸ்டனும் கெட்டால் எஞ்சின் நிற்கும். பாய்லர் கெட்டால் ஆள் சாவான். நிலக்கரி எரியும் ஃபயர்பாக்ஸ் ஒரு பெட்டிக்குள் பெட்டி. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் தண்ணீர். ‘பிளாக் ஃபைவ்’ வகை எஞ்சினில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 225 பவுண்டு, தண்ணீரின் சூடு 200 டிகிரி செல்சியஸுக்கு மேல். தட்டையான சுவர்கள் இந்த அழுத்தத்தில் புடைத்துவிடாமல் இருக்க, ஏறக்குறைய நான்கு அங்குலத்துக்கு ஒன்று வீதம் ஸ்டே போல்ட்கள் இரண்டு சுவர்களையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. கணக்குப் போட்டால் ஒவ்வொரு ஸ்டேயும் சுமார் 1,600 கிலோ இழுப்பைத் தாங்குகிறது. பெரிய எஞ்சினில் இவை ஆயிரத்தைத் தாண்டும். ஒன்று உடைந்தால் அதன் சுமை சுற்றியுள்ள ஸ்டேகளுக்குப் போகும். எஞ்சின் அப்போதும் நன்றாகவே ஓடும். அந்தப் பெரியவர் சொன்ன ‘நன்றாக ஓடிக்கொண்டிருந்தது’ பாய்லர் விஷயத்தில் எந்தச் சான்றும் ஆகாது.

கெடு முடிந்ததும் பாய்லரை எஞ்சினின் இரும்புச் சட்டத்திலிருந்து தூக்கி, வெப்பக்காப்பை உரித்து, நெருப்பின் சூடான புகை போகும் நூற்றுக்கும் மேலான டியூப்களை வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். டியூப் போனால்தான் ஆள் உள்ளே புகுந்து, பீப்பாய் என்கிற பாய்லரின் உருளைப் பகுதியின் அடிப்பக்கத்தைப் பார்க்க முடியும். துருக் குழிகள் அதிகம் விழுவது அங்கேதான். அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனைக் கட்டம் கட்டமாக அளந்து, பழைய வரைபடத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுவார்கள். ஸ்டேகளைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார்கள். முழு ஸ்டே கணீரென்று ஒலிக்கும், உடைந்தது மந்தமாக ஒலிக்கும். தகடு வளையும் மூலைகளில், விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கியே ஒரு கோடு போலப் பள்ளம் விழுந்திருக்கும். அதை விளக்கையும் கண்ணாடியையும் வைத்துத் தேட வேண்டும். பழுதெல்லாம் பார்த்துப் புது டியூப் போட்டு முனைகளை எக்ஸ்பாண்டரால் விரித்து இறுக்கியபின், காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதிப்பார்கள். காற்றுக்குப் பதில் தண்ணீர் ஏன் என்றால், தண்ணீர் சுருங்காது. தகடு விட்டுக்கொடுத்தாலும் ஒரு பீச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். அதன்பிறகு இன்ஸ்பெக்டர் முன்னிலையில் நெருப்பு மூட்டி, சேஃப்டி வால்வ் சரியான அழுத்தத்தில் திறக்கிறதா என்று பார்ப்பது. இது முடிந்தால் அடுத்த பத்து வருடம். நடுவில் வருடாவருடம் பரிசோதனை உண்டு.

அமெரிக்காவில் கணக்கு வேறு: 1,472 நாள் ஓட்டம் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அது. நெருப்பு மூட்டிய நாட்களை எண்ணுவது காலண்டரை எண்ணுவதைவிட நியாயம் என்பது என் கட்சி. அந்த விதி இன்றைய வடிவத்துக்கு வர ஒரு விபத்தும் காரணம். 1995 ஜூன் 16 அன்று பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் ரயில்பாதையின் 1278ஆம் எண் எஞ்சினில் தண்ணீர் குறைந்து, ஃபயர்பாக்ஸின் மேல்தகடு காய்ந்து பழுத்து, அழுத்தத்தில் கிழிந்தது. எஞ்சினில் இருந்த மூவரும் தீக்காயம் பட்டார்கள். விசாரணையில் தெரிந்தது: தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸின் வழியில் உப்புப் படிந்து அடைத்திருந்தது, தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஒழுங்கும் இல்லை. மேல்தகட்டின் ஸ்டேகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லாததால் தகடு ஒட்டுமொத்தமாகப் பிய்யாமல் படிப்படியாக விட்டுக்கொடுத்தது. மூன்று உயிர் தப்பியது அதனால்தான்.

எனவே உங்கள் குழு ஒரே ஒரு பழக்கத்தைத்தான் பழக முடியும் என்றால் கேஜ் கிளாஸ் சோதனையைப் பழகுங்கள். மேலே நீராவிக் குழாய், கீழே தண்ணீர்க் குழாய், அடியில் வடிகுழாய் என்று மூன்று திருகுகள். வடிகுழாயைத் திறந்தால் கண்ணாடி காலியாகும். தண்ணீர்த் திருகை மூடுங்கள், நீராவி மட்டும் சீறினால் மேல்வழி சுத்தம். அதைத் திறந்து நீராவித் திருகை மூடுங்கள், தண்ணீர் பாய்ந்தால் கீழ்வழி சுத்தம். இரண்டையும் திறந்து வடிகுழாயை மூடியதும் தண்ணீர் சட்டென்று குதித்துப் பழைய மட்டத்துக்கு ஏற வேண்டும். நிதானமாக ஏறினால் வழி பாதி அடைபட்டிருக்கிறது, அந்த எஞ்சினை அன்று எடுக்கக் கூடாது. இரண்டு கண்ணாடி இருந்தால் இரண்டிலும் செய்ய வேண்டும், இரண்டும் ஒரே மட்டம் காட்ட வேண்டும். மேல்தகட்டில் ஈயம் ஊற்றிய பிளக் உண்டு. தண்ணீர் இறங்கினால் ஈயம் 327 டிகிரியில் உருகி நீராவி நெருப்பின் மேல் பீச்சும். அது கடைசி எச்சரிக்கை, அதை நம்பி ஓட்டக் கூடாது.

அந்த அடைப்பு வராமல் இருக்கத்தான் வாஷ்அவுட், அதாவது பாய்லரின் உள்ளே கழுவுவது. இட்லிப் பானையின் அடியில் படிகிற வெள்ளைப் படிவுதான் இங்கேயும். ஆனால் அது தகட்டின் சூட்டைத் தண்ணீருக்குக் கடத்தாமல் தடுப்பதால் தகடு வேகும். தண்ணீரின் தன்மையைப் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு வார ஓட்டத்துக்கு ஒருமுறை பாய்லரைத் தானாக ஆறவிட்டு (அவசரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் விட்டால் டியூப் முனைகள் கசியத் தொடங்கும்), எல்லா வாஷ்அவுட் பிளக்குகளையும் கழற்றி, கம்பியால் குத்தி, வேகமான தண்ணீர்க் குழாயால் கழுவ வேண்டும். வெளியே வருகிற செதிலின் தடிமனை நோட்டில் எழுதி வையுங்கள், பாய்லர் தண்ணீரில் கலக்கும் மருந்தின் அளவு சரியா என்று அதுவே சொல்லும். திரும்பப் போடும்போது பிளக்கின் மரை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நீராவி இருக்கும்போது கசியும் பிளக்கை எக்காரணம் கொண்டும் இறுக்கக் கூடாது. மரை பிடிப்பு விட்டால் பிளக் குண்டு மாதிரி வரும். மருந்து போட்டுத் தண்ணீரைக் காரத்தன்மையில், பி.எச். 11ஐ ஒட்டி, வைத்தால் துரு குறையும். கரைந்த உப்பு ஏறினால் தண்ணீர் நுரைத்து நீராவியோடு சிலிண்டருக்குப் போய்விடும். சுருங்காத தண்ணீர் பிஸ்டனுக்கு முன்னால் சிக்கினால் சிலிண்டர் மூடி பிளக்கும். புறப்படும்போது சிலிண்டர் வடிகுழாய்களைத் திறந்து வைத்துப் புஸ்புஸ்ஸென்று போவது இதற்காகத்தான், படம் எடுப்பவர்களுக்காக இல்லை.

ஓட்டும் நாளின் வேலை முந்தைய நாள் மாலையே தொடங்கிவிடும். தண்ணீர் மட்டம், ஃபயர்பாக்ஸ் உள்பக்கக் கசிவு, சாம்பல் தட்டு பார்த்துவிட்டு விறகால் சின்ன நெருப்பு. பெரிய எஞ்சினை இரவு முழுக்க மெதுவாகச் சூடேற்றுவார்கள், மேல்பாதி கொதித்து அடிப்பாதி குளிர்ந்திருந்தால் தகடு கோணலாக விரியும். ஓடி முடித்த பிறகு சாம்பலையும், புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் ஸ்மோக்பாக்ஸில் சேர்ந்த கரித்தூளையும் அன்றே வார வேண்டும். ஈரம் பட்ட சாம்பலில் கந்தக அமிலம் ஊறி இரும்பைத் தின்னும். இந்த அழுக்கு வேலையில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். கிளீனர், பிறகு ஃபயர்மேன், பிறகு டிரைவர், ஒவ்வொரு படிக்கும் தேர்வு. டிரைவராகப் பல வருடம் ஆகும்.

சக்கரம், இயக்கத் தண்டுகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒயிட் மெட்டல் ஊற்றிக் கடைந்த பேரிங், கம்பளித் திரியில் ஊறும் எண்ணெய், சிலிண்டருக்குக் கெட்டியான தனி எண்ணெய். நம் பழைய ஃபிட்டர்களுக்கு இவை தண்ணீர் பட்ட பாடு. ஒரு விஷயம் மட்டும்: கழற்றும்போது பழையது இருந்தபடியே அளந்து செய்வதோடு நிறுத்தாமல் வரைபடத்தோடும் ஒப்பிடுங்கள். ‘டியூக் ஆஃப் குளோஸ்டர்’ 1954ல் செய்தது, அந்த வகையில் அது ஒன்றே ஒன்றுதான். நீராவி போதவில்லை என்ற கெட்ட பெயரோடு 1962லேயே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். பாரியிலிருந்து அதை மீட்டவர்கள் சாம்பல் தட்டின் காற்று வாசல்களை வரைபடப்படி செய்யாமல் சிறியதாக வைத்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். திருத்தியபின், 1986 முதல், அது பெயர் சொல்லும் எஞ்சின் ஆகிவிட்டது.

இனி உங்கள் வாசல் எஞ்சின். திறமை நம்மிடம் இருக்கிறது. 1855ல் செய்த ‘ஃபேரி குயீன்’ 1997லும், அதன் ஜோடியான இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் 2010லும் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில்தான் உயிர் பெற்றன. நீலகிரி மலைப்பாதைக்குப் பொன்மலையில் புது எஞ்சினே செய்கிறார்கள். ஆனால் அது சம்பளத்துக்கு வேலை செய்யும் பணிமனை. அடுத்து, நிற்பது மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவில் ஒரு மீட்டர்) எஞ்சினா என்று பாருங்கள். ஒய்.பி., ஒய்.ஜி. என்று எழுதியிருந்தால் மீட்டர் கேஜ்தான். தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் என்று இன்று இருப்பது நீலகிரிப் பாதை மட்டும், அந்தப் பல்சக்கர ஏற்றத்துக்கு இவை பொருந்தா. அப்படியானால் உங்களுக்கு எஞ்சினோடு பாதையும் போட வேண்டும். இதைக் கேட்டு ஆர்வம் குறையலாம், கணக்கு முதலிலேயே தெரிந்துவிடுவது நல்லது.

எப்படியானாலும் பெயின்ட் டப்பாவோடு போகாதீர்கள். புது பெயின்ட் மினுக்கும் எஞ்சினைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நிர்வாகத்திடம் நான்கு காரியத்துக்கு அனுமதி கேளுங்கள். பணிமனையில் அந்த பாய்லரின் பதிவேடு இருந்தால் நகல். ஸ்மோக்பாக்ஸ் கதவைத் திறக்க: மூடாத புகைபோக்கி வழியாக மழை இறங்கி, பழைய சாம்பலோடு சேர்ந்து அடித்தகட்டைத் தின்றிருக்கும். ஃபயர்பாக்ஸின் அடி வளையத்தை ஒட்டிய கீழ் பிளக்குகளைக் கழற்ற: நிறுத்தும்போது வடிக்காமல் விட்ட தண்ணீர் வந்தால், பெரும்பாலும் பாய்லர் கதை முடிந்தது. பீப்பாயின் அடியிலும் ஃபயர்பாக்ஸ் சுவர்களிலும் அல்ட்ராசோனிக் அளவு எடுக்க. வெப்பக்காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஆகவே மேல் தகரத்தைக் கையால் பிய்க்க வேண்டாம், அதற்கான ஆட்களை வையுங்கள்.

அளவுகள் வந்ததும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அனுமதி வரக் காத்திருக்கும் நாட்களில் புகைபோக்கிக்கு ஒரு தகர மூடி போட மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால்.