கைபேசி கேள்வி பதில்: அப்பாவின் பழைய ஈ63

கேள்வி: என் தந்தையார் 2009ஆம் ஆண்டில் வாங்கிய நோக்கியா ஈ63 கைபேசி இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. எங்கள் ஏலக்காய்க் கடைக்கு அதை இரண்டாவது கைபேசியாக வைத்துக்கொள்ளலாமா? வாட்ஸ்அப் வருமா? அதன் நிறைகுறைகளைச் சொல்லுங்கள்.
– வாசகர், குமுளி

பதில்: வாட்ஸ்அப் வராது. இந்தக் கைபேசி இயங்கும் சிம்பியான் எஸ்60 தளத்துக்கான ஆதரவை வாட்ஸ்அப் நிறுவனம் 2017 ஜூன் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. 4ஜி, 5ஜியில் மட்டுமே இயங்கும் ஜியோவின் சிம்மும் இதில் வேலை செய்யாது. 2ஜி சேவை தரும் வேறு நிறுவனத்தின் சிம்மைத்தான் போட வேண்டும். அதுவும் இன்றைய நானோ அளவில் இருந்தால், பழைய பெரிய அளவுக்கான சட்டத்தில் பொருத்திச் செருக வேண்டும். இவ்வளவுக்கும் உடன்படுகிறீர்கள் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

இதே கைபேசியைக் கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தவன் என்பதால், எனக்கு இதன்மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு. அதைக் கழித்துக்கொண்டே நான் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். லோயர் கேம்ப்பைத் தாண்டி ஜீப் வளைவுகளில் ஏறும்போது, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலாலேயே, திரையைப் பார்க்காமல், "இன்று சரக்கு வேண்டாம், நாளை காலை 7 மணிக்கு வாருங்கள்" என்று அடித்து அனுப்ப இதில் முடிந்தது. ஒவ்வொரு விசையும் சற்றே புடைத்து இருப்பதால், எது எங்கே இருக்கிறது என்பதை இரண்டே வாரத்தில் விரல் கற்றுக்கொள்கிறது. இன்றைய தொடுதிரையில் அந்த வளைவில் அதே செய்தியை அடித்தால், 7 மணி 8 மணியாகி வண்டிக்காரரிடம் வசவு வாங்க நேரிடும்.

ஆனால் எண்களை அடிப்பதில் பழக்கம் தேவை. எண்களுக்குத் தனி வரிசை கிடையாது. அவை எழுத்து விசைகளின் மேலேயே மும்மூன்றாக அமைந்திருக்கின்றன. யாரையேனும் அழைப்பதற்காக எண்ணை அழுத்தும்போது சிக்கல் இல்லை. செய்திக்குள் விலையை எழுதும்போதுதான் பக்கத்தில் உள்ள சிறப்பு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த விசையை அடுத்தடுத்து இருமுறை தட்டிவிட்டால் பிறகு எண்கள் மட்டுமே விழும். மீண்டும் ஒருமுறை தட்டினால் எழுத்துக்குத் திரும்பிவிடும். புற்றடி ஏலக்காய் ஏல மையத்தின் விலைகளை வரிசையாக அனுப்புகிறவருக்கு இந்த ஒன்று தெரிந்தால் போதும்.

பேட்டரி 1500 மில்லியாம்பியர்-மணி, திரை 2.36 அங்குலம் மட்டுமே என்பதால் அது வெகுநேரம் தாங்கும். பீரோவில் இத்தனை ஆண்டுகள் கிடந்த பேட்டரியை அப்படியே பயன்படுத்த வேண்டாம். லேசாக உப்பியிருந்தாலும் தூக்கி எறிந்துவிட்டு, பிபி-4எல் என்று கேட்டுப் புதிதாக வாங்குங்கள். சார்ஜர் மெல்லிய ஊசிமுனை கொண்டது. பக்கவாட்டிலுள்ள யூஎஸ்பி துளை கோப்புகளை மாற்ற உதவுமே தவிர, அதன்வழியே மின்சாரம் ஏறாது.

கேமரா 2 மெகாபிக்சல். தானாகக் குவியம் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. தோட்டத்தை எடுக்கலாம், ஆட்களை எடுக்கலாம், ஆனால் எடைச் சீட்டைக் கிட்டே பிடித்துப் படம் எடுத்தால் எழுத்து மங்கித்தான் விழும். இதன் உடன்பிறப்பான ஈ71இல் 3.2 மெகாபிக்சலும் குவியம் மாற்றும் வசதியும் ஜிபிஎஸ்ஸும் இருந்தன. ஈ63இல் விலையைக் குறைப்பதற்காக அவற்றை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் உடலைக் கொடுத்தார்கள். பாட்டுக் கேட்பவர்களுக்கு ஓர் ஆறுதல்: சாதாரண 3.5 மில்லிமீட்டர் இயர்போன் செருகும் துளை ஈ63இல்தான் உண்டு.

கடைக்குப் பணப் பரிமாற்றம் வேண்டுமென்றால், நட்சத்திரக் குறி, 99, ஹேஷ் குறி என்று அழுத்தி வங்கிச் சேவைக்குள் போகலாம். அதற்கு இணையம் தேவையில்லை. ஒருமுறைக் கடவுச்சொற்களும் குறுஞ்செய்தியாகச் சிக்கலின்றி வந்து சேரும்.

கேள்வி: இத்தனை விசைகள் இருந்தும் அக்காலத்துக் கைபேசிகளில் தமிழ் ஏன் கட்டம் கட்டமாகத் தெரிந்தது?
– வாசகர், கம்பம்மெட்டு

பதில்: எழுத்துரு இல்லாத குறை அது. என்னைக் கேட்டால், விசைப்பலகைக் கைபேசிகளின் ஆகப்பெரிய குறையும் அதுதான். பலகை நிறைய விசைகள் இருந்தாலும் அவற்றின் மேல் அச்சிடப்பட்டவை ஆங்கில எழுத்துகளே. எனவே நாம் எல்லோரும் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கப் பழகினோம்.

அதற்குக் கணக்கும் துணைபோயிற்று. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் ஒருங்குறியில் 70 மட்டுமே. அந்த எழுபதிலும் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம் போய்விடும். "ஏலக்காய்" என்ற சொல்லில் கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து, ஆனால் செலவாவது எட்டு இடம்.

இணையத்தில் தமிழைப் படிக்க மட்டும் ஒரு வழி இருந்தது. ஓப்பெரா மினி உலாவியின் முகவரிக் கட்டத்தில் ஓப்பெரா கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து, வரும் பட்டியலில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தெரிவை "யெஸ்" ஆக்கிவிட்டால், அவர்களுடைய சர்வரே தமிழைப் படமாக மாற்றி அனுப்பிவிடும். பக்கம் இறங்கத் தாமதமாகும், டேட்டாவும் கூடுதலாகும். ஆனாலும், கட்டங்களாகவே கிடந்த தலைப்புச் செய்தி முதன்முதலாகத் தமிழாக விரிந்ததைக் கண்டு மகிழ்ந்தவர்கள் இந்தப் பத்தியைப் படிப்பவர்களில் பலர் இருப்பீர்கள்.

கேள்வி: எல்லையில் என் பழைய கைபேசி கேரள டவருக்கும் தமிழக டவருக்கும் மாறிமாறித் தாவி, பேட்டரியைத் தின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: அமைப்புகளில் தொலைபேசி, பிறகு நெட்வொர்க் என்று போய், நிறுவனத் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, உங்கள் பக்கத்து டவரை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில், 2ஜி, 3ஜி இரண்டையும் தேடும் இரட்டை நிலையை, 2ஜியை மட்டும் தேடும் ஜிஎஸ்எம் ஆக்கிவிடுங்கள். தனியார் நிறுவனங்கள் 3ஜியைப் பெரும்பாலும் நிறுத்திவிட்ட நிலையில் இல்லாததைத் தேடிக் கருவி சோர்வது அதனால் நிற்கும். ரோமிங்கில் வரும் அழைப்புக்கும் காசு பிடித்த காலத்தில், குமுளிப் பேருந்து நிலையத்தில் நின்றபடி பேசியதற்கே என் கணக்கில் பணம் போனதுண்டு. அதன் பிறகே இந்தத் தெரிவைத் தேடிப் பிடித்தேன். எல்லை கடந்து வெகுதூரம் போகிற நாளில் அதைத் தானியங்கிக்கு மாற்ற மறந்தால் அழைப்பே வராது.

கேள்வி: ஈ63இல் டார்ச் எங்கே இருக்கிறது?
– வாசகர், கூடலூர்

பதில்: முகப்புத் திரையில் இருக்கும்போது, இடைவெளி விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். அணைக்கவும் அதே விசைதான்.